போல்ட் கூப்பிட்ட துரு

கார் ஷெட் மூலையில் ஒரு போல்ட்டும் ஒரு நட்டும் துருவேறி ஒட்டிக் கிடந்தன.

“கொஞ்சம் நகரேன், மூச்சு முட்டுது” என்று நட்டு ஓயாமல் புலம்பும்.

“நானா பிடிச்சு வச்சிருக்கேன்? இந்தப் பாழாப்போன துருதான் விடமாட்டேங்குது” என்று போல்ட் எரிந்து விழும்.

ஒருநாள் மெக்கானிக், வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியைக் கெட்டியாகக் கரைத்து, இரண்டையும் அதில் ஊறப்போட்டார். மறுநாள் தேங்காய் நாரால் தேய்த்துத் திருகியதும் நட்டு வழுக்கிக்கொண்டு கழன்றது. “அப்பாடா!” என்றபடி ஒரு காரில் பொருத்தப்பட்டு, அதோடு கிளம்பிப் போயே போய்விட்டது.

போல்ட்டை யாரும் தேடவில்லை. ஜன்னல் விளிம்பில் பளபளவென்று கிடந்தது. நட்டு இறுகியிருந்த அதன் திருகு மரைகளுக்குள் இப்போது காற்று மட்டும் வந்து போனது.

மழைச்சாரல் அடித்த அன்று, “துருவே, வந்துடேன்” என்று கூப்பிட்டது.

துருவும் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது.

“வந்துட்டேன். உன்னை யாரோட ஒட்டவைக்கணும்?”