நாற்பத்திரண்டு கிராம்

"ஒண்ணு சொல்றேன் சிஸ்டர். அத்தை காதுக்கு மட்டும் போயிடக் கூடாது."

பிள்ளை பெற்று ஐந்தே நாள் ஆனவள் குரலைத் தாழ்த்தினாள். நர்ஸ் குழந்தையை எடை மெஷினில் கிடத்தி, மூவாயிரத்துப் பத்து கிராம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். இனி தாய் பால் கொடுக்க வேண்டும். பிறகு மறுபடியும் எடை. எவ்வளவு கூடியதோ அவ்வளவு பால் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கூடாவிட்டால் இன்றைக்கே புட்டிப்பால்.

"எட்டு வருஷம் முன்னாடி மார்புல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். எடுப்பாத் தெரியணும்னு. உள்ள சிலிக்கான் இருக்கு. வீட்டுக்காரருக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிஞ்சா, உன் அழகுக்கு என் பேரப்பிள்ளை பட்டினியான்னு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

அத்தை திரைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் தழும்பைப் பார்த்தாள். "மார்புக்கு அடியில வெட்டியிருக்காங்க. நல்லதாப் போச்சு. காம்பைச் சுத்தி வெட்டியிருந்தா பால் வர்ற குழாயே அறுந்திருக்கலாம்."

"நான் காம்பைச் சுத்திதான் கேட்டேன், தழும்பு தெரியாதேன்னு. தியேட்டர் வாசல்ல ஒரு நர்ஸம்மா ட்ராலியையே நிறுத்திட்டாங்க. நாளைக்கு ஒரு குழந்தை வந்தா என்ன பண்ணுவே, டாக்டர்கிட்ட இடத்தை மாத்தச் சொல்லுன்னாங்க. உங்க வேலையைப் பாருங்கன்னு வெடுக்குன்னு சொன்னேன். அவங்க அசையல. கடைசியில மாத்திக்கிட்டேன். யாரு எவருன்னு கேக்கல. ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல."

குழந்தை கவ்வியது, விட்டது, வீறிட்டது, மறுபடி கவ்வியது. இருபது நிமிடம் இதே கூத்து. பிறகு மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

குடித்து முடித்த பிள்ளை துணியை நனைத்திருந்தது. அவள் அதை அவிழ்க்கப் போனாள்.

"மாத்தாதே! ஈரத்தோடயே நிறுக்கணும். இல்லேன்னா எடை தப்பாக் காட்டும்!"

திரையை ஒட்டினாற்போல் அத்தையின் குரல். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பக்கத்திலா இருந்தார்? அப்படியானால் எல்லாம் காதில் விழுந்திருக்குமே!

நர்ஸ் குழந்தையை மெஷினில் வைத்தாள். மூவாயிரத்து ஐம்பத்திரண்டு.

"நாப்பத்திரண்டு கிராம் கூடியிருக்கும்மா! புட்டியெல்லாம் எதுக்கு?"

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. "அந்த நர்ஸம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும், சிஸ்டர்."

திரை சரக்கென்று விலகியது. அத்தை வந்து பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். இன்றைக்குத் தொலைந்தோம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அத்தை, பேரன் முதுகைத் தட்டியபடி. "அன்னிக்கு மாஸ்க் போட்டிருந்தேன், முகம் தெரியல, சரி. மூணு வருஷமா வீட்டுல இந்தக் கத்து கத்தறேனே, குரல்கூடவா அடையாளம் தெரியல உனக்கு?"