படகில் இன்னொரு சீட்டு

டிவிக்குக் கீழே இருந்த இழுப்பறையில் இரண்டு வீடியோ கேம் கண்ட்ரோலர்கள் இருந்தன; ஒன்று கறுப்பு, இன்னொன்று சிவப்பு. கறுப்பு தினமும் விளையாடப் போகும். அந்த வீட்டில் விளையாடுகிறவர் ஒருவர்தான் என்பதால் சிவப்பை யாரும் எடுப்பதில்லை.

அன்று திரும்பி வந்த கறுப்பிடம் சிவப்பு கேட்டது.

"புது கேம் எப்படிடா இருக்கு?"

"கடல்டா. துடுப்புப் போட்டுத் தீவு தீவாப் போகணும். அலை அடிச்சா எனக்கு உடம்பே அதிருது."

"படகுல எத்தனை சீட்டு?"

கறுப்புக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ரெண்டு."

"அப்போ நாளைக்கு என்னையும் எடுப்பாங்களா?"

"இல்லடா. ஆள் இல்லேன்னா அந்தச் சீட்டுல கேமே ஒரு பொம்மையை உட்கார வச்சிடுது."

"நல்லாத் துடுப்புப் போடுதா?"

"என்னைவிட நல்லாப் போடுது. ஆனா கரைக்கு வந்தப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்குது."

சிவப்பு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"சரி, அந்த அலையைப் பத்தி இன்னொரு தடவை சொல்லு."