சேனை தொட்ட குட்டி

கதிர்வீச்சு சிகிச்சையில் எச்சில் வற்றிப்போன யோவானுக்காக, மருத்துவப் பண்ணையில், தாய் வயிற்றிலிருந்த ஓர் ஆட்டுக்குட்டியின் உதட்டுக்குள் உமிழ்நீர்ச் சுரப்பிகளை வளர்த்தார்கள். அங்கே வேலை பார்க்கும் அவன் மனைவி ஞானப்பூதான் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தாள். சுரப்பி முதிரும்வரை குட்டியின் வாயில் எதுவும் படக்கூடாது, பால்கூடக் குழாயில்தான். ஆனால் பிறந்ததும் அது வாயைத் திறந்து கத்தியபோது மனம் கேட்கவில்லை. பச்சைப்பிள்ளைக்குச் சேனை வைப்பதுபோல், சீனித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள்.

"சுரப்பி இப்பவே முழிச்சிருச்சும்மா. இனி மனுஷனுக்கு ஒட்டாது, வேற குட்டியும் கிடையாது" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து அழுதபடியே சொன்னாள். யோவான் வெடித்த உதட்டைத் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டு கேட்டான்.

"குட்டி நக்குச்சா?"

"சப்புக்கொட்டி நக்குச்சு."

"பின்ன எதுக்குப் பிள்ள அழுத? அதுவும் ஆண்டவர் படைச்ச வாய்தான். ஒரு வாயாவது நனைஞ்சுதே."

சொல்லிவிட்டுக் கஞ்சியை வாயில் வைத்தான். அது இறங்கவில்லை.