கருகிய வரிசை

மெல்பேணுக்கு வெளியே ஒரு ஸ்பானியத் தம்பதி புதிதாக வைன் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். எண்பது வயதான திராட்சைக் கொடிகளின் பழத்தில்தான் அவர்களுடைய சிவப்பு வைன். அங்கே வேலை செய்த யதுர்சன், பூஞ்சண மருந்தென்று நினைத்து ஒரு வரிசை முழுவதற்கும் களைகொல்லியை அடித்துவிட்டான். கொடிகள் கருகிப்போயின.

வேலை போனதோ கூட வேலை செய்த சச்சிதானந்தனுக்கு. யதுர்சன் வாயே திறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சச்சிதானந்தனைத் தேடிப் போனான்.

“அண்ணை, அந்த மருந்தை அடிச்சது நான்தான்.”

“தெரியும். களைகொல்லிக் கானை நீ கழுவேக்கை கண்டனான்.”

“அப்ப முதலாளி உங்களை வேலையாலை நிப்பாட்டேக்கை ஏன் சொல்லேல்லை?”

“அவர் எங்கை நிப்பாட்டினவர்? நான்தான் போய், பிழை என்ரை எண்டு சொல்லிப்போட்டு விலகினனான். எனக்கு சிற்றிசன்ஷிப் இருக்கு, எங்கையும் வேலை செய்யலாம். உன்ரை விசா முதலாளியின்ரை கையிலையெல்லோ இருந்தது.”

யதுர்சனுக்குக் கண் கலங்கியது.

“அழாதை. நீயா வந்து சொன்னதே எனக்குப் பெரிய விசயம். அதுசரி, விசா வந்திட்டுதே?”

“ஓம் அண்ணை.”

“எப்ப வந்தது?”

யதுர்சன் கீழே கிடந்த ஒரு பெட்டியைத் தூக்கி அடுக்கத் தொடங்கினான். முந்தநாள்தான் வந்திருந்தது. அது கைக்கு வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவன் உண்மையைச் சொல்லப் புறப்பட்டிருந்தான்.