கூரைமேல் மருமகள்

"என்னடி நோலுண்டி, நாளைக்கு மாமனார் தலைக்கு மேலயே ஏறி நிக்கப் போறியாமே?"

ரொட்டிக் கடை வாசலில் பக்கத்து வீட்டு தோசாமா இப்படிக் கேட்டதும், நின்றிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நோலுண்டிக்குச் சுருக்கென்றது.

"சீட்டுல அப்படி வந்துடுச்சுக்கா. நான் என்ன பண்றது?"

அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளின் கூரைமேல், வெயிலிலேயே தண்ணீரைச் சுடவைக்கும் தொட்டிகளை நகராட்சி வைத்துக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு ஊரிலேயே ஆள் எடுத்துப் பழக்கினார்கள். நாளைக்குப் பரீட்சை. ஆளுக்கொரு வீடு. தொட்டியை மேலே தூக்கிக் கொடுக்க ஆள் உண்டு. பொருத்துவது அவரவர் பாடு. தேறினால் நகராட்சியில் நிரந்தர வேலை, மாசச் சம்பளம், பென்ஷன்.

உன் ஆள், என் ஆள் என்று சண்டை வரக்கூடாதே என்று, எந்த வீடு யாருக்கு என்பதை மேஸ்திரியின் ஹெல்மெட்டில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். நோலுண்டி கைக்கு அவள் மாமனார் வீடே வந்து தொலைத்தது.

மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள்.

"உனக்கு மாத்தினா நாளைக்கு ஊரே என் சட்டையைப் பிடிக்கும் தங்கச்சி" என்றார் மேஸ்திரி வுயிசிலே. "ஏறு. இல்லேன்னா விட்டுடு."

விடுவதாவது. வேலை தேடி கேப் டவுன் போன அவள் புருஷன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். வீட்டில் அடுப்பெரிய வேறு வழி கிடையாது.

ஏறுவதும் லேசில்லை. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. தலைத்துணி இல்லாமல் அவர் முன்னால் வரக்கூடாது. இதில் அவரைவிட உயரத்தில், அதுவும் அவர் கூரைமேலேயே நிற்பதா?

டோலோ என்று குலப்பெயர் சொல்லித்தான் அவரை ஊரே கூப்பிடும். தங்கச் சுரங்கத்துக்கு நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். வாசல் வரை நடந்தாலே இளைப்பு. ஆனால் முறை என்று வந்துவிட்டால் இம்மி பிசக விடமாட்டார்.

அன்று சாயங்காலம் நோலுண்டி மண்டியிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். "நீங்க வேண்டாம்னா நான் ஏறலை மாமா."

அவர் தடியைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு மாமா."

அவ்வளவுதான். எழுந்து படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடியும்போதே டோலோ எழுந்துவிட்டார். சர்ச்சுக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டார். தொப்பியும் தடியுமாக வெளியே நடந்தார்.

"மாமா, கஞ்சி ஆயிடுச்சு..."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே தெருமுனை திரும்பிவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தோசாமா தயாராக நின்றிருந்தாள். "பாத்தியா? வீட்டை விட்டே போயிட்டார் பெரிய மனுஷன். சம்பளம் வரும்டி. போன மானம் வருமா?"

நோலுண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு நகரத்திலிருந்து அதிகாரி வந்து இறங்கினார். ஏணி சாத்தியாகிவிட்டது.

"ஏறறியா, பேரை அடிச்சுடட்டுமா?" என்றார் வுயிசிலே.

நகராட்சி கொடுத்த ஆரஞ்சுச் சட்டையோடு அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டாள். மன்னிச்சுடுங்க மாமா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

மேலே போனாள். சட்டத்தை நிறுத்தி, போல்ட்டுகளை முடுக்கி, தொட்டியை உட்காரவைத்தாள். குழாய்களை இணைத்துத் தண்ணீரைத் திறந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

அதிகாரி தானே ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் அசைத்துப் பார்த்தார். கீழே வந்ததும் அவளிடம் கையை நீட்டினார். "ஒண்ணாம் தேதியிலேருந்து நீங்க நகராட்சி ஊழியர்மா."

கூடி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். தோசாமா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோலுண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை கிடைத்துவிட்டது, சரி. இனி எந்த முகத்தோடு அவருக்குச் சோறு போடுவது?

அப்போது ஊரையொட்டிய மலையில் ஆடு மேய்க்கிற மோண்டே மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நோலுண்டி, பரீட்சை முடிஞ்சுதா? சீக்கிரம் சொல்லு, நான் திரும்பி ஓடணும். உன் மாமனார் மலை உச்சியில உக்காந்திருக்கார்."

"மலை உச்சியிலயா?" அவளுக்குப் பகீரென்றது. "அவருக்கு வாசல் வரை நடந்தாலே இளைக்குமே."

"நாலடிக்கு ஒருதரம் உக்காந்து உக்காந்து ஏறினார். போதும், இறங்குங்கன்னா, 'அவ முதல்ல இறங்கட்டும்'னு அடிக்க வரார். மேல வர்றவன் போறவன்கிட்டயெல்லாம், 'அதோ பார், அந்தக் கூரைமேல ஆரஞ்சுச் சட்டை, அது எங்க வீட்டு மருமக'ன்னு காட்டிக்கிட்டிருக்கார்."

தோசாமாவுக்குத் தாங்கவில்லை. "இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு அங்க எதுக்கு ஏறினாராம் அந்த மனுஷன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றான் மோண்டே. "'மருமக மாமனாருக்கு மேல நிக்கக்கூடாது, அவ்வளவுதானே? நான் இங்க ஏறிட்டேன். இனி அவ எந்தக் கூரைல வேணும்னாலும் ஏறட்டும்'னார்."