போட்டிக்கு ஓர் ஆள்

“பதினெட்டாயிரம். அதுக்கு மேல ஒரு காசு ஏறாது சார்” என்றார் டியூஷன் டீச்சர், லேப்டாப்பை மூன்றாவது தடவையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு.

“என்ன மேடம், அநியாயமா கேக்குறீங்க? பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன். பில், டப்பா எல்லாம் பத்திரமா இருக்கு. இன்னொருத்தர் வேற விடாம கேட்டுட்டே இருக்காரு” என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கொஞ்சமும் கூசாமல்.

அந்த இன்னொருத்தர் அவருடைய மச்சான்தான். சரியாகப் பதினொரு மணிக்குப் போன் செய்து, ‘இருபத்தஞ்சு தரேன்’ என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் பதறிப்போய் ஏறி வருவார். ஏற்பாடு அவ்வளவுதான்.

விளம்பரத்தில் என்னவோ முப்பது என்றுதான் போட்டிருந்தார். டிசைன் படிக்கப்போகும் மகள் ஆசைப்பட்ட பெரிய திரை லேப்டாப்புக்கு அந்த முப்பதும் வேண்டும். ஆனால் பழைய சாமானுக்கு முப்பது கொடுக்க எந்தப் புண்ணியவான் வருவான்?

பதினொன்று ஐந்துக்குப் போன் அடித்தது. ஏதோ புது நம்பர். யாரிடமோ போனை இரவல் வாங்கிப் பேசுகிறான், விவரமான பயல்! பூரித்துப்போய் ஸ்பீக்கரைப் போட்டார்.

“விளம்பரம் பார்த்தேன் சார். போட்ட விலையே தந்துடறேன், முப்பது. அரை மணி நேரத்துல வரவா?” என்றது ஒரு கட்டைக்குரல்.

குரலையே மாற்றிவிட்டான்! அதுவும் இருபத்தைந்து சொல்லச் சொன்னால் முப்பது என்கிறானே! மச்சானுக்கு எதிலும் ஒரு பிடி அதிகம்தான். ஆனால் மருந்து வேலை செய்தது.

“சார், சார்! இருபத்தஞ்சு தரேன். சத்தியமா என்கிட்ட அவ்வளவுதான் இருக்கு” என்று டீச்சர் பையைத் திறந்துவிட்டார்.

ஏஜென்ட் போனைப் பார்த்துக் கணீரென்று சொன்னார். “மன்னிக்கணும் சார். முதல்ல வந்தவங்களுக்குத்தான். பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“வேணும்னா இன்னும் ஒரு ஆயிரம் சேர்த்து...”

“அட, ஆளை விடுங்க சார்!” என்று வைத்துவிட்டார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “முப்பதை விட்டுட்டு எனக்குத் தரீங்களே! உங்களை மாதிரி மனுஷங்க இப்ப எங்க சார் இருக்காங்க?” பணத்தைக் கொடுத்து, லேப்டாப்பை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளேயிருந்து மகள் எட்டிப்பார்த்தாள். “இருபத்தஞ்சுக்குச் சின்னதுதான்பா வரும். பரவாயில்லை, சமாளிச்சுக்கறேன்.” சொன்னாளே தவிர, முகம் வாடிவிட்டது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

“உன் மாமன் மட்டும் இல்லைன்னா இந்நேரம் பதினெட்டுதான்டா கண்ணு” என்று தேற்றினார்.

வாசல் கதவு படாரென்று திறந்தது. மச்சான், மூச்சு இரைக்க நின்றான்.

“போன் காலையிலயே செத்துப்போச்சு மாமா, கூப்பிடவே முடியல!”