ஆறு மாசம் கழிச்சு வாங்க

"எத்தனை பேங்க் ஏறி இறங்கினீங்க?"

கொடுத்த விண்ணப்பத்தைக் கையால்கூடத் தொடாமல், லோன் மேஜையில் இருந்த பெண் இப்படிக் கேட்டதும் வேன்காரருக்குச் சுருக்கென்றது.

"இது அஞ்சாவதும்மா."

"ஆறு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் வேற எங்கயும் எழுதிக் கொடுத்துடாதீங்க." மேலாளரின் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

ஆறு மாசமா? எஞ்சினைக் கழற்றிப் போட்ட வேன் பட்டறையில் கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேறு வண்டி வந்துவிட்டால் பிழைப்பே போச்சு. நாலு இடத்தில் கேட்டு வைத்தால் ஒரு இடத்திலாவது கிடைக்காதா என்றுதான் மனுஷர் கால் தேய அலைந்துகொண்டிருந்தார். கடன் கொடுக்காவிட்டால் போகிறது, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கக்கூடவா இவளுக்குக் கை வலிக்கிறது?

நேரே மேலாளரிடம் போய் முறையிட்டார்.

மேலாளர் தங்கமான மனுஷர். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தேடி வருகிறவர்களை விரட்டவா உனக்குச் சம்பளம் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையாட்டிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினாள். வேன்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

பிறகு மேலாளரே விண்ணப்பத்தை வாங்கி, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சிபில் ஸ்கோர் பத்தலையேங்க."

"போன வாரம் இன்னொரு பேங்க்ல, மயிரிழையில தவறிப் போச்சுன்னாங்களே சார்."

"கடன் கேட்டு எழுதிக் கொடுத்தா, ஒவ்வொரு பேங்கும் உங்க ஸ்கோரை எடுத்துப் பார்க்கும். பார்க்கப் பார்க்க அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இப்ப நான் பார்த்ததுக்கும் இறங்கும். ஆறு மாசம் எங்கயும் கேக்காம இருங்க, தானா ஏறிடும்."

வேன்காரர் எழுந்தார். இதைத்தானே அவளும் சொன்னாள். தலையைக் குனிந்தபடி அவள் மேஜையைத் தாண்டினார்.

பின்னால் மேலாளரின் குரல் கேட்டது.

"அப்பாடா, இந்த மாசம் இத்தனை விண்ணப்பம் வாங்கணும்னு மேலிடத்துல சொன்னது, எனக்கு இதோட முடிஞ்சுது. உனக்குத்தாம்மா ஒண்ணு குறையுது. இந்த மாசமும் உனக்கு இன்சென்டிவ் பணம் கிடையாது."